மூன்று விதமான அரிது: உதகை முதல் மசினகுடி வரை ஒரு நாள் பறவைத் தேடல்

அரிய பறவைகளைப் பார்க்க ஒரு நாள் மட்டும் ஒதுக்கிக் கிளம்புகிறவர்கள் கையில் பெரும்பாலும் ஒரு பட்டியல் இருக்கும். அதில் பத்துப் பெயர் இருந்தால் பத்தையும் ஒரே விதமாகத் தேடுவார்கள். விடியற்காலையில் போவது, கூப்பிடும் குரலுக்குக் காது கொடுப்பது, கிடைக்காவிட்டால் அடுத்த இடத்துக்கு வண்டியை விடுவது. நாள் வீணாவது இங்கேதான். ஒரு பறவை அரிதாக இருக்கக் காரணம் பலவாக இருக்கலாம். காரணம் மாறினால் தேடும் நேரமும் இடமும் முறையும் மாற வேண்டும். பொங்கல் விடுமுறையில் நீலகிரியில் நாங்கள் நான்கு பேர் கழித்த ஒரு நாளை வைத்து இதை விளக்கப் பார்க்கிறேன்.

பொங்கலைத் தேர்ந்தெடுத்தது தற்செயலாக இல்லை. 2015 முதல் ஒவ்வோர் ஆண்டும் பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பறவை ஆர்வலர்கள் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். எங்கே நின்று பார்த்தாலும் சரி, குறைந்தது 15 நிமிடம் பார்த்து, பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் ஈபேர்ட் இணையதளத்தில் பதிவேற்றினால் போதும். விடுமுறையும் கிடைக்கும், வலசைப் பறவைகளும் இருக்கும், நாம் பார்த்தது ஒரு கணக்கிலும் சேரும்.

இடமாக நீலகிரியைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம் அதன் சரிவு. தொட்டபெட்டா 2,637 மீட்டர். மசினகுடி ஏறக்குறைய 900 மீட்டருக்குச் சற்று மேல். இரண்டுக்கும் நடுவே கல்லட்டி மலைப்பாதை, 36 கொண்டை ஊசி வளைவுகள். மேலே பாசி படர்ந்த சோலைக்காடு, கீழே மழை மறைவில் கிடக்கும் சீகூர் பீடபூமியின் முட்காடு. ஒன்றில் இருக்கும் காட்டுப் பறவைகளில் பாதிக்கு மேல் மற்றதில் இருக்காது. ஒரு மணி நேரப் பயணத்தில் இப்படி இரண்டு வேறு உலகம் கிடைக்கும் இடம் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை.

எங்கள் பட்டியலில் இருந்தவை: நீலகிரிச் சிரிப்பான், நீலகிரிச் சோலைச்சிட்டு, கருப்பு–ஆரஞ்சு ஈப்பிடிப்பான், காஷ்மீர் ஈப்பிடிப்பான், வெண்முதுகுப் பாறு, செந்தலைப் பாறு (பாறு என்பது பிணந்தின்னிக் கழுகு), வெண்வயிற்று மின்சிட்டு, ஆறுமணிக்குருவி. கிளம்புவதற்கு முந்தின இரவு இந்தப் பெயர்களை மூன்றாகப் பிரித்தோம்.

முதல் வகை, உலகத்தில் வேறெங்கும் இல்லாதது, ஆனால் தன் ஊரில் சாதாரணமாகத் திரிவது. நீலகிரிச் சிரிப்பான் அப்படி. சரியான மலையில் நின்றால் அதைத் தேடவே வேண்டாம். இரண்டாம் வகை, எண்ணிக்கையில் மோசமில்லை, ஆனால் கண்ணில் படாமல் ஒளிந்து வாழ்வது. சோலைச்சிட்டும் ஆறுமணிக்குருவியும் இதில் சேரும். இவற்றுக்கு இடத்தைவிட நேரமும் பொறுமையும் முக்கியம். மூன்றாம் வகை, ஒரு காலத்தில் ஊரெல்லாம் இருந்து இப்போது உண்மையாகவே அழிந்துகொண்டிருப்பது. பாறுகள். இவற்றை எவ்வளவு பொறுமையாகத் தேடினாலும், அவை மிஞ்சியிருக்கும் ஒன்றிரண்டு இடங்களைத் தவிர வேறெங்கும் பயன் இல்லை.

காஷ்மீர் ஈப்பிடிப்பானை எந்த வகையில் சேர்ப்பது என்று இரவு வெகுநேரம் வாக்குவாதம். வடமேற்கு இமயத்தில், முக்கியமாகக் காஷ்மீரிலும் அதைச் சுற்றியுள்ள மலைகளிலும் கூடு கட்டி, குளிர்காலத்தில் இலங்கையின் மலைநாட்டுக்கும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் வரும் பறவை அது. எண்ணிக்கையும் குறைவு, அடையாளம் காண்பதும் கடினம். முடிவாக எந்த வகையிலும் சேர்க்காமல் தனியே விட்டுவிட்டோம். அப்படி விட்டது சரிதான் என்று மறுநாள் காலையில் தெரிந்தது.

கிளம்பும் முன்

நீலகிரிக்குள் வெளிமாவட்ட வண்டிகள் நுழைய 2024 மே மாதம் முதல் இ-பாஸ் வேண்டும். இணையத்தில் எடுத்துவிடலாம், விடுமுறை நாட்களில் முன்கூட்டியே எடுப்பது நல்லது. அதைவிட முக்கியமானது கல்லட்டிப் பாதை. சரிவு கடுமையானது, பழக்கமில்லாத ஓட்டுநர்கள் பிரேக்கை மிதித்தே இறங்கி விபத்துக்குள்ளாகியிருக்கிறார்கள். அதனால் அங்கே வெளியூர் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு உண்டு. உதகையிலேயே ஒரு உள்ளூர் வாடகை வண்டி பேசிக்கொண்டோம். இல்லையென்றால் கூடலூர், தெப்பக்காடு வழியாகச் சுற்றித்தான் போக வேண்டும். அதில் நடுப்பகல் முழுக்கப் போய்விடும், அந்த நடுப்பகல் எங்களுக்கு ஏன் தேவைப்பட்டது என்பது பின்னால் வருகிறது.

இன்னொன்று. முதுமலை புலிகள் காப்பகத்துக்குள் காலால் நடக்க முடியாது. வனத்துறை வண்டியில் போகலாம், அவ்வளவுதான். காட்டுச் சாலையில் வண்டியை நிறுத்தி இறங்குவதும் தவறு, அபராதம் போடுவார்கள். யானையின் வழித்தடத்தில் தொலைநோக்கியைக் கண்ணில் வைத்துக்கொண்டு நிற்பது அபராதத்தைவிட மோசமான விஷயம். ஆகவே கீழே எங்கள் தேடல் முழுவதையும் ஊரோரம், வயலோரம், ஊர் வழியாகப் போகும் சாலை என்று சுருக்கிக்கொண்டோம். மசினகுடியைச் சேர்ந்த ஒரு இருளர் வழிகாட்டியிடமும் முன்பே பேசியிருந்தோம். அவர் பறவைகளைக் காட்டியதைவிட எங்கே நிற்கக் கூடாது என்று சொன்னதுதான் அதிகம். அதற்கே அவருக்குக் கொடுத்த பணம் தகும்.

காலை: உறைபனி

ஜனவரியில் உதகையில் சூரியன் ஏறக்குறைய 6.40க்கு மேல்தான் வரும். தலைக்குந்தா போன்ற தாழ்வான வெளிகளில் புல் முழுக்க உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். விடியற்காலைதான் பறவை பார்க்க நல்ல நேரம் என்ற பொது விதி இங்கே அரைகுறையாகத்தான் செல்லும். இரவெல்லாம் குளிரில் கிடந்த பூச்சிகள் அசையாது. பூச்சி அசையாவிட்டால் ஈப்பிடிப்பானுக்கு வேலை இல்லை. பழம் தின்னும் பறவைகளுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

அதனால் முதல் அரை மணி நேரத்தைச் சிரிப்பானுக்குக் கொடுத்தோம். தொட்டபெட்டா சாலையோரச் சோலையின் விளிம்பில் நின்றதுமே குரல் கேட்டது. ஒன்று தொடங்கினால் நாலைந்து சேர்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கும் ஓசை, தெருமுனையில் யாரோ யாரையோ கேலி செய்வது போல. கண்ணுக்கு மேலே வெள்ளைப் புருவம், செம்பழுப்பு வயிறு. பழப்புதருக்குள் இறங்கி, எங்களைக் கொஞ்சமும் பொருட்படுத்தாமல் மேய்ந்தது. நீலகிரி மலையைத் தாண்டினால் இந்தப் பறவையைப் பார்க்க முடியாது. அதே சமயம் உதகையில் வீட்டுத் தோட்டத்தில்கூட வரும்.

இந்த முதல் வகை அரிதுக்குப் பின்னால் ஒரு நல்ல கதை இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிகள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத தீவுகளைப் போலத்தான். குளிர்ந்த சோலை மேலே மட்டும் இருக்கிறது, நடுவில் இருக்கும் வெப்பமான பள்ளத்தாக்குகளைச் சோலைப் பறவைகள் கடப்பதில்லை. ஏறக்குறைய 30 முதல் 40 கிலோமீட்டர் அகலமுள்ள பாலக்காட்டுக் கணவாய் அவற்றில் பெரியது. அதற்கு வடக்கே நீலகிரியில் ஒரு சிரிப்பான், தெற்கே பழநி, ஆனைமலைப் பக்கம் வேறொன்று, இன்னும் தெற்கே அகத்தியமலைப் பக்கம் மற்றொன்று, வயநாட்டின் பாணாசுர மலையில் ஒன்று. சோலைச்சிட்டிலும் இதே பிரிவு. வி. வி. ராபின் உள்ளிட்ட ஆய்வாளர்கள் இவற்றின் மரபணுக்களை ஒப்பிட்டு, 2017இல் இந்த இரண்டு குழுக்களுக்கும் மான்டிசிங்க்லா, ஷோலிகோலா என்று புதிய பேரினங்களையே உருவாக்கினார்கள். இமயமலையில் உள்ள தூரத்துச் சொந்தங்களிலிருந்து இவை பல லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டவை என்பது அந்த வேலையில் தெளிவானது. ஆகவே சிரிப்பானைக் 'கண்டுபிடிப்பது' பெரிய காரியமே இல்லை. அது வாழும் அந்தச் சின்னத் துண்டு நிலம் அதன் மொத்த உலகம் என்பதை உணர்வதுதான் விஷயம். உதகையைச் சுற்றி 19ஆம் நூற்றாண்டிலிருந்து சீகையும் தைலமரமும் நட்டு நட்டு, சோலையும் புல்வெளியும் துண்டுதுண்டானதை அங்கே நின்று பார்த்தாலே தெரியும்.

ஏழரை மணிக்கு வெயில் மரத்து உச்சியைத் தொட்டது. அப்புறம் நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. வெயில் படும் பக்கத்துக் கிளைகளில் வெள்ளைக்கண்ணிகள் வந்தன, கூடவே பட்டாணிக்குருவி, அடிமரத்தில் தலைகீழாக இறங்கும் பசையெடுப்பான், பெயரை முடிவு செய்ய முடியாத இலைக் கதிர்க்குருவிகள். நடுவில் சாம்பல்தலை ஈப்பிடிப்பான் ஒன்று ஓயாமல் கத்திக்கொண்டே இருந்தது. சோலையில் இப்படிக் கலந்து மேயும் கூட்டம் வந்தால் அதோடு நகர வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். என் கருத்து வேறு. கூட்டம் ஒரு வட்டத்தில்தான் சுற்றும். வெயில் விழும் ஒரு விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றால் அது திரும்பி வரும். துரத்தினால் நம் காலடிச் சத்தத்துக்கு அது உள்ளே போய்விடும். நாங்கள் நின்றோம். இரண்டாவது சுற்றில் கூட்டத்தோடு கருநீல நிறத்தில் நீலகிரி ஈப்பிடிப்பானும் வந்து கிளை நுனியில் உட்கார்ந்தது.

கருப்பு–ஆரஞ்சு ஈப்பிடிப்பான் இந்தக் கூட்டங்களில் சேராது. அது தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்குள், ஈரமான புதருக்குள், தனக்கென ஒரு சின்ன இடத்தில் வாழும். உதகையை ஒட்டிய கேர்ன் ஹில் காட்டின் பாதையோரம் ஒரு ஆண் பறவை பத்தடி தூரத்தில் வந்து உட்கார்ந்தது. தலையும் சிறகும் கருப்பு, மற்றதெல்லாம் ஆரஞ்சு. புதர் நிழலில் நெருப்புத் துண்டு மாதிரி என்று எழுத ஆசை வரும், ஆனால் உண்மையில் அந்த இருட்டில் ஆரஞ்சு நிறம் அவ்வளவாகத் தெரியாது, அசைவுதான் காட்டிக்கொடுக்கும்.

சோலைச்சிட்டு விஷயத்தில் ஒரு சங்கடம் நடந்தது. ஓடை கடக்கும் ஒரு வளைவில் நிற்கலாம் என்று போனால், அங்கே ஏற்கெனவே ஒரு குழு. கையில் ஸ்பீக்கர். அந்தப் பறவையின் பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக்கொண்டிருந்தார்கள். கேட்டதற்கு, "சார், கூப்பிடாம இது வெளியே வராது" என்றார் அவர்களின் வழிகாட்டி. வரும். வராமலும் போகும். பாட்டு ஓடினால் பறவை வருவது தன் எல்லைக்குள் இன்னொரு ஆண் புகுந்துவிட்டான் என்று சண்டைக்குத்தான். ஒருநாள் ஒருவர் செய்தால் பெரிய கேடு இல்லை என்று வாதிடலாம். ஆனால் உதகையைப் போன்ற இடத்தில் அதே ஓடை வளைவில் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு குழு அதையே செய்யும்போது, அந்த ஒரு ஜோடிக்கு நாள் முழுக்கச் சண்டையிலேயே போகும். இரை தேட வேண்டிய நேரம் அது. புழு போட்டுப் பழக்கி, மறைவிடம் கட்டிக் காசு வாங்கிப் படம் எடுக்க விடும் வழக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை முழுக்கப் பரவிவிட்ட நிலையில், இரண்டாம் வகைப் பறவைகளுக்கு இது பெரிய தொல்லை. இவை ஒளிந்து வாழ்வதால்தான் இத்தனை நாள் நம்மிடமிருந்து தப்பித்தன.

நாங்கள் வேறு ஓடைக்குப் போய் நின்றோம். அரை மணி நேரத்துக்குப் பின் ஒரு கரும்பாறையின் மேல் ஒரு நொடி, நீலச் சாம்பல் முதுகும் செம்பழுப்பு விலாவுமாக ஒரு உருவம், அவ்வளவுதான். ஜனவரியில் அது பாடுவது குறைவு, ஏப்ரல், மே மாதங்களில் வந்திருந்தால் காலையிலும் மாலையிலும் பாட்டாவது கேட்டிருக்கும். அந்த ஒரு நொடி போதுமா என்று கேட்டால், பட்டியலுக்குப் போதும்.

காஷ்மீர் ஈப்பிடிப்பானுக்கு வருகிறேன். கேர்ன் ஹில்லில் பழுப்பு நிறத்தில், வாலின் அடியில் இரண்டு பக்கமும் வெள்ளையாக, வாலைத் தூக்கித் தூக்கி அடிக்கும் ஒரு சின்ன ஈப்பிடிப்பான் இருந்தது. வளர்ந்த ஆணாக இருந்தால் சந்தேகமே இல்லை. அதன் தொண்டையின் ஆழ்ந்த செம்மஞ்சள் மார்பு வரை இறங்கும், அதன் இரண்டு ஓரத்திலும் கருப்புக் கரை இருக்கும். செம்மார்பு ஈப்பிடிப்பானுக்கு அந்தக் கரை கிடையாது. ஆனால் நாங்கள் பார்த்தது பெட்டையோ, முதல் குளிர்காலத்து இளம் பறவையோ. இந்த நிலையில் இரண்டையும் பிரிப்பது மிகக் கடினம். எங்களில் ஒருவர் காஷ்மீர் என்றே பதியலாம் என்றார். பதிவு செய்யவில்லை. இந்த இடத்தில் ஒரு தவறான பதிவு சும்மா ஒரு தவறான பதிவு இல்லை. குறைந்த எண்ணிக்கையில், குறுகிய இடத்தில் குளிர்காலம் கழிக்கும் பறவை என்பதால், அதன் பரவலைப் பற்றிய வரைபடமே இப்படிப்பட்ட ஒற்றைப் பதிவுகளின் மேல்தான் நிற்கிறது.

அதே காட்டில் மர உள்ளானும் குளிர்காலத்தில் வரும். பிரிட்டிஷ் காலத்தில் உதகைக்கு வந்த வெள்ளைக்காரர்கள் அதைச் சுடவே குளிர்காலத்துக்குக் காத்திருந்தார்கள். எங்கள் பட்டியலில் இல்லை, தேடவும் இல்லை. காய்ந்த இலையின் நிறத்திலேயே தரையில் படுத்திருக்கும் அதை மிதிக்கும் தூரத்தில் போனால்தான் கிளம்பும்.

நடுப்பகல்: வானத்தைப் பார்க்கும் நேரம்

பத்தரைக்குக் கிளம்பித் தலைக்குந்தா வழியாகக் கல்லட்டியில் இறங்கினோம். ஒவ்வொரு வளைவுக்கும் வெப்பம் ஏறும். பாதி வழியில் சோலை போய், கீழே வந்ததும் முள்ளும் வெயிலும்தான்.

பதினொன்றிலிருந்து மூன்று வரை காட்டில் சிறு பறவைகள் அடங்கிக் கிடக்கும். ஒரு நாள் பயணத்தில் வருகிறவர்கள் இந்த நேரத்தைச் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் விடுவார்கள். பாறுகளுக்கு இதுதான் நேரம். அவ்வளவு கனமான உடம்பைச் சிறகடித்தே தூக்கிக்கொண்டு போக முடியாது. தரை சூடாகி வெப்பக் காற்று மேலே எழும்பும் வரை மரத்திலோ பாறையிலோ உட்கார்ந்திருக்கும். அப்புறம் அந்தக் காற்றில் ஏறி வட்டமிட்டுக்கொண்டே பல கிலோமீட்டர் போகும். ஆகவே நாளின் மத்தியில், வானம் நன்றாகத் தெரியும் திறந்த இடத்தில், சரிவு தெரியும்படி நிற்க வேண்டும். மசினகுடியிலிருந்து மாயார் ஊருக்குப் போகும் பக்கம் அப்படி இடங்கள் உண்டு.

மாயாறு, சீகூர்ப் பள்ளத்தாக்கு எங்களுக்கு ஒரு தேர்வாக இல்லை, வேறு வழியே இல்லை. தென்னிந்தியாவில் பாறுகள் இன்னும் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் மிகச் சில இடங்களில் இதுதான் முதன்மையானது. வெண்முதுகுப் பாறு ஆற்றோரத்து உயர்ந்த நீர்மருது மரங்களில் கூடு கட்டும். கருங்கழுத்துப் பாறு பாறை முகட்டில் கட்டும். ஓர் ஆண்டுக்கு ஒரே முட்டை. அதில் குஞ்சு தப்பி வளர்ந்து, தானும் கூடு கட்டும் வயதுக்கு வர ஐந்தாண்டு ஆகலாம். அழிவு வேகமாகவும் மீட்சி மெதுவாகவும் நடக்க இதுவே காரணம்.

அழிந்த கதை பலருக்கும் தெரிந்ததுதான். மாட்டுக்கு வலிக்குப் போடும் டைக்லோஃபினாக் ஊசி. அது போடப்பட்ட மாடு சில நாட்களில் செத்தால், அதன் இறைச்சியைத் தின்ற பாறின் சிறுநீரகம் செயலிழக்கும். உடலுறுப்புகளின் மேல் யூரிக் அமிலம் வெள்ளைப் படிவமாகப் படிந்துவிடும். 2004இல்தான் இந்தக் காரணம் உறுதியானது. அதற்குள் காரியம் கைமீறிவிட்டது. 1992க்கும் 2007க்கும் இடையே இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகளின் எண்ணிக்கை 99.9 விழுக்காடு குறைந்தது. ஆயிரத்துக்கு ஒன்று மிஞ்சியது என்று பொருள். 2006இல் கால்நடைப் பயன்பாட்டுக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். மனிதருக்கான பெரிய குப்பிகளை வாங்கி மாட்டுக்குப் போடும் வழக்கம் தொடர்ந்ததால் 2015இல் மனித மருந்தின் குப்பி அளவையும் 3 மில்லியாகச் சுருக்கினார்கள். அசெக்லோஃபினாக் என்ற இன்னொரு வலி மருந்து மாட்டின் உடம்பில் டைக்லோஃபினாக்காகவே மாறும். அதையும் கீட்டோபுரோஃபெனையும் 2023இல்தான் தடை செய்தார்கள். மெலாக்சிகாம் என்ற பாதுகாப்பான மாற்று மருந்து இவ்வளவு காலமும் கையில் இருந்தது.

நாங்கள் நின்ற இடத்தில் முதல் ஒரு மணி நேரம் பருந்துகளும் ஒரு குடுமிப் பாம்புக்கழுகும் மட்டும்தான். ஒன்றரை வாக்கில் தெற்குச் சரிவின் மேல் இரண்டு கரும்புள்ளிகள். தொலைநோக்கியில் பார்த்தால் உடல் கருப்பு, இறக்கையின் அடியில் முன்பாதி பளிச்சென்று வெள்ளை. வெண்முதுகுப் பாறு, வளர்ந்தவை. ஒரு பக்கம் சாய்ந்து திரும்பியபோது முதுகின் கீழே இருக்கும் வெள்ளைத் திட்டும் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் அவற்றுக்கும் மேலே இன்னொன்று, இறக்கையை லேசாக மேலே மடித்தபடி. வழிகாட்டி, "அண்ணே, அது வேற, செந்தலை" என்றார். அவ்வளவு உயரத்தில் தலையின் சிவப்பு தெரியாது, பறக்கும் வாகைத்தான் பார்க்க வேண்டும். வெண்முதுகு கூட்டமாகத் திரியும், செந்தலை பெரும்பாலும் தனியாகவோ ஜோடியாகவோ. அது சரிவுக்குப் பின்னால் மறைந்தது.

மூன்றாம் வகையின் தன்மை இதில் தெரிகிறது. பொறுமையால் கிடைத்த பறவை இல்லை இது. இந்தப் பள்ளத்தாக்கில் காட்டு விலங்குகளின் சடலம் இன்னும் கிடைக்கிறது, புலி அடித்துப் போட்ட மான், காட்டெருமை. மருந்து ஏறாத இறைச்சி. அதனால் இவை மிஞ்சின. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்றும் சேர்ந்து 2023 பிப்ரவரியில் ஒரே நேரத்தில் நடத்திய கணக்கெடுப்பில் 246 பாறுகள் பதிவாயின. அதே ஆண்டு டிசம்பரில் 320. பெருகிவிட்டன என்று செய்தித்தாள்கள் கொண்டாடின. பத்து மாதத்தில், ஆண்டுக்கு ஒரு முட்டை இடும் பறவை அவ்வளவு பெருகாது. பார்த்த இடங்கள் கூடியதும் அந்த வித்தியாசத்தில் சேரும். ஆனாலும் 2022இல் தமிழ்நாடு அரசு பாறுகளுக்கென மாநில அளவில் ஒரு குழு அமைத்ததும், அருளகம் போன்ற அமைப்புகள் மருந்துக்கடை, மாட்டுக்காரர் என்று ஊர் ஊராகப் பேசி வந்ததும் வீணாகவில்லை. இப்போது மிஞ்சியிருக்கும் அபாயத்தில் பெரியது விஷம். மாட்டைப் புலியோ சிறுத்தையோ அடித்துவிட்டால், கோபத்தில் சடலத்தில் விஷம் வைக்கும் சிலர் உண்டு. புலி வராமல் போகலாம், பாறு கண்டிப்பாக வரும். இழப்பீடு தாமதமில்லாமல் கைக்கு வந்தால் இந்தக் கோபமே எழாது என்றார் வழிகாட்டி. பாறு பாதுகாப்பைப் பற்றி நான் கேட்டதிலேயே நடைமுறைக்கு நெருக்கமான யோசனை அதுதான்.

மாலை: முட்காடும் ஆறுமணியும்

வெண்வயிற்று மின்சிட்டு வறண்ட முட்காட்டின் பறவை. ஆணுக்குக் கருப்பு வெள்ளை உடம்பு, மார்பிலும் இடுப்பிலும் ஆரஞ்சுத் திட்டு. நாடு முழுக்கப் பல மாநிலங்களில் இருக்கிறது, ஆனால் எங்கும் கொஞ்சமாக, திட்டுத்திட்டாக. இதை முதல் வகைக்கும் இரண்டாம் வகைக்கும் நடுவில் வைத்திருந்தோம். வாழைத்தோட்டம் என்ற ஊரின் பக்கத்தில், முள் மரங்கள் தள்ளித்தள்ளி நிற்கும் ஒரு மேய்ச்சல் நிலத்தில் ஜோடியாகக் கிடைத்தது. அருகிலேயே உண்ணிச்செடி அடர்ந்த இடத்தில் ஒன்றும் இல்லை.

உண்ணிச்செடியைப் பற்றி ஒரு வார்த்தை. அழகுக்காகக் கொண்டுவந்த செடி, இன்று முதுமலையின் தரையைப் பெரும்பகுதி மூடிவிட்டது. திறந்த முட்காடு தேவைப்படும் மின்சிட்டுக்கு அது சுவர். அதே புதருக்குள் செவ்வயிற்றுச் சிலம்பனும் மஞ்சள்கண் சிலம்பனும் நிம்மதியாக இருக்கின்றன, சின்னான்கள் அதன் பழத்தைத் தின்று விதையைப் பரப்புகின்றன. ஆகவே 'களைச்செடி வந்தால் பறவை போய்விடும்' என்பது முழு உண்மை இல்லை. எந்தப் பறவை போகும், எது வரும் என்பதுதான் கேள்வி, போவது பெரும்பாலும் வேறு இடம் இல்லாத பறவை. இந்தச் செடியின் தண்டை வெட்டி, கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடிக் கலைஞர்கள் உயிர் அளவில் யானைகளைச் செய்கிறார்கள். அவை 2021இல் லண்டன் பூங்காக்களில் நின்றன. வெட்டப்படும் அளவைவிட முளைக்கும் அளவுதான் அதிகம், இருந்தாலும் கூலியாவது கிடைக்கிறது.

ஐந்தே முக்காலுக்கு மூங்கில் புதர் ஓரமாக, வழிகாட்டி சொன்ன இடத்தில் நின்றோம். ஆறுமணிக்குருவி இமய அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் கூடு கட்டி, அக்டோபரில் தெற்கே வந்து ஏப்ரல் வரை இருக்கும். பகலில் காய்ந்த இலைகளுக்கு இடையே தரையில் தத்தித்தத்தி இரை தேடும். பச்சை முதுகு, நீலத் தோள், அடிவயிற்றில் சிவப்பு என்று அத்தனை நிறம் இருந்தும் நிழலில் தெரியாது. ஆனால் விடியும்போதும் அந்தி சாயும்போதும் இரண்டு சீழ்க்கை ஒலியாகக் குரல் கொடுக்கும். ஒன்று கொடுத்தால் பக்கத்தில் இருப்பதும் கொடுக்கும், நான் இங்கே இருக்கிறேன் என்று எல்லை சொல்வது. ஆறு மணிக்குச் சில நிமிடம் முன்பே மூன்று திசையிலிருந்து கேட்டது. ஒரு பறவையைக்கூடக் கண்ணால் பார்க்கவில்லை. இரண்டாம் வகைக்கு இது முழுமையான பதிவு என்றே நான் கருதுகிறேன். எங்களோடு கேமராவுடன் வந்தவருக்கு இதில் உடன்பாடு இல்லை.

இருட்டும் முன்னே வழிகாட்டி எங்களை ஊருக்குள் கூட்டிவந்துவிட்டார். ஆறரைக்குமேல் அந்தப் பாதை யானைகளுடையது.

நாளை எடைபோட்டால்

பட்டியலின் எட்டில் காஷ்மீர் ஈப்பிடிப்பான் முடிவில்லாமல் நின்றது. ஆறுமணிக்குருவி காதோடு நின்றது. மற்றவை கண்ணில் பட்டன. எண்ணிக்கை நன்றாக வந்ததற்குக் காரணம் அதிர்ஷ்டம் இல்லை, நேரத்தைப் பகிர்ந்த விதம். சிரிப்பானுக்கு அரை மணி, சோலைச்சிட்டுக்கும் கூட்டங்களுக்கும் சேர்த்து மூன்று மணி, பாறுகளுக்கு வெயில் நேரம் முழுவதும். பட்டியலில் உள்ள எல்லாவற்றுக்கும் சமமாகக் கொடுத்திருந்தால் பாறுகள் வந்த ஒன்றரை மணிக்கு நாங்கள் மசினகுடியில் பிரியாணிக்குக் காத்திருந்திருப்போம்.

உதகையில் மூன்று இடம் போனது தேவையில்லை. ஒரே சோலை விளிம்பில் ஏழு முதல் பத்து வரை நின்றிருந்தாலும் கிட்டத்தட்ட இதே பறவைகள் கிடைத்திருக்கும், வண்டியில் ஏறி இறங்கும் நேரம் மிஞ்சியிருக்கும். குடும்பத்தோடு வருகிறவர்களுக்கும் இதையே சொல்வேன். குழந்தைகளுக்கு உட்கார இடம் இருந்தால் ஒரே இடத்தில் நிற்பது சிரமம் இல்லை.

மாதத்தை மாற்றினால் வரிசையையும் மாற்ற வேண்டும். ஏப்ரலில் வந்தால் உறைபனி இல்லை, ஆகவே உதகையில் விடியலிலேயே தொடங்கலாம், சோலைச்சிட்டு பாடும், ஆனால் காஷ்மீர் ஈப்பிடிப்பான் கிளம்பிப் போயிருக்கும். கோடைக் கூட்டத்தில் தொட்டபெட்டா சாலை முழுக்க வண்டி நிற்கும், அதனால் வார நாளாகப் பார்த்து, ஆறு மணிக்கே சாலையோரத்தில் இருக்கும்படி கிளம்ப வேண்டும். கீழே மாயார்ப் பக்கம் மதியச் சாப்பாட்டைப் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு பதினோரு மணிக்குள் போய்விடுவது இரண்டு மாதத்துக்கும் பொது.